சேவல் கால் முத்திரை

"முதல்ல அதை மேசையிலேருந்து எடுங்க. சாப்பிடற இடத்துல என்ன கருமம் இது?"

மரியான் தோசைக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று கத்தினாள். ஆத்ரியேன் அசையவில்லை. மேசையில், சட்னிக் கிண்ணத்துக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே, துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று ஒரு சாணுக்கும் மேலான நீளத்தில் படுத்திருந்தது.

"கொஞ்சம் மரியாதையாப் பேசு மரியான். இது எங்க கொள்ளுத்தாத்தா அந்துவானோட துப்பாக்கி."

"ஊறுகா போட ஜாடி எடுத்துத் தாங்கன்னுதானே பரண்ல ஏறச் சொன்னேன்? ஜாடி எங்க?"

ஜாடி பரணிலேயே இருந்தது. ஜாடிக்குப் பின்னால் தாத்தா சவரிராயனின் தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கிணற்று வரி, வண்டி வரி என்று பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதங்கள் ஒரு கட்டு. அதற்கடியில், அதே மாதிரி ஒரு கெட்டிக் காகிதத்தில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது இது. சணலை அவிழ்த்த நிமிடமே ஆத்ரியேனுக்கு ஊறுகாய் ஞாபகம் அடியோடு போய்விட்டது.

ஆத்ரியேனுக்கு ஐம்பத்து நாலு வயது. தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் கிளார்க். காரைக்கால் கோவில்பத்தில் அவர் வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. கையெழுத்துப் போடாத வீடு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். நடைமுறையில் முன்பே சேர்ந்துவிட்ட காரைக்கால் 1962-இல் எழுத்துபூர்வமாகவும் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸில் இருந்துகொண்டு ஊருக்கு வீடியோ கால் போடுகிறார்கள். கொடுக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் காரைக்காலில் இருந்துகொண்டு அந்த வீடியோ காலை எடுக்கிறார்கள்.

சவரிராயன் எடுக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். ஆறு மாதமும் கிழவர் தூங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. சவரிராயன் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை நகர்த்திக் காட்டுகிற மனிதர் அவர். யாரிடமும் எதையும் சொல்லாமலே ஒருநாள் கண்ணை மூடிவிட்டார்.

ஊர் சிரித்ததைக்கூட ஆத்ரியேன் பொறுத்துக்கொண்டார். மகள் ஜெனேவியேவ் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்குப் பாரிஸில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை அவள் அழவில்லை. "பரவால்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள். அந்தப் 'பரவால்லப்பா' ஆத்ரியேன் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எப்பாடு பட்டாவது பிரான்சுக்கும் தன் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பைக் கண்டுபிடித்துத் தன் குடும்பத்துக்கும் 'நாசியோனாலித்தே' வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அதுதான் பெயர்.

"போன தடவை மாதிரி இதையும் ஃபிரேம் போட்டு மாட்டப் போறீங்களா?" என்றாள் மரியான்.

போன தடவை என்பது இரண்டு வருடம் முந்தைய கதை. அதே தகரப் பெட்டியிலிருந்து, வட்ட முத்திரையும் எண்ணும் போட்ட ஒரு காகிதத்தை ஆத்ரியேன் கண்டெடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அது நாசியோனாலித்தே பத்திரம்தான் என்று முடிவு கட்டி, கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டி, இரண்டு மெழுகுவத்தியும் ஏற்றினார். ஒரு மாதம் கழித்து அதைக் கழற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண் ரிஃபானாவுக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் பிரான்சுக்கு மனுப் போடுகிற அத்தனை பேரும் அவள் கடையில்தான் காப்பி எடுத்தார்கள். பத்து வருடத்தில் எந்தக் காகிதம் எது என்று அவளுக்குப் பார்வையிலேயே பிடிபட்டுவிட்டது.

"அங்கிள், இது சைக்கிளுக்கு வரி கட்டுன ரசீது. இந்த நம்பர் சைக்கிள் நம்பரு. கோட்டுச்சேரிக்காரர் ஒருத்தரும் இப்படித்தான் கொண்டாந்தாரு" என்றாள் ரிஃபானா, ரொம்பப் பணிவாக. "நாசியோனாலித்தே பேப்பருன்னா எல்லாரும் பத்து காப்பி எடுப்பாங்க. சைக்கிளுக்கு எத்தனை போடட்டும்?"

வரிசையில் நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆத்ரியேன் அந்தக் கடை வந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நடப்பார். பழைய காகிதம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"காகிதம் மனுஷனை ஏமாத்தும் மரியான்" என்றார் இப்போது. "இரும்பு ஏமாத்தாது. இதுல முத்திரை இருக்கு, தடவினாக் கைக்குத் தெரியுது. பென்சில் எடு."

சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, தலையும் பூவும் எடுத்த வித்தை அவருக்கு மறக்கவில்லை. துப்பாக்கி சுற்றியிருந்த காகிதத்தையே, எண்ணெய்க்கறை இல்லாத வெறும்பக்கம் மேலே வரும்படி குழாயின் மீது விரித்துத் தேய்த்தார். முதலில் 'வி' என்ற ஆங்கில எழுத்து வந்தது. பக்கத்தில் 'ஆர்'. கீழே 1883. ஓரத்தில், மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் ஒரு சின்னம்.

ஆத்ரியேனுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் ஆறேழு வார்த்தை. அதில் மூன்று, பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கொண்டாட்டத்தில் வருடா வருடம் எல்லாரும் போடுகிற கோஷம்.

"வீவ் லா ரெபுப்ளிக்!" என்று கூவிவிட்டார். "குடியரசு வாழ்க! வி, ஆர்! பாத்தியா?"

"இந்த மூணு கோடு?"

ஆத்ரியேன் காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "சேவல் கால்! பிரான்ஸ்காரன் கால்பந்துச் சட்டையில சேவல் போட்டிருப்பான்ல? அதோட கால்!"

"கோழிக் காலா சேவல் காலான்னு கால வச்சே கண்டுபிடிச்சுட்டீங்களாக்கும்" என்று மரியான் தோசையைத் திருப்பப் போனாள். அது ஏற்கெனவே கருகியிருந்தது.

மறுநாள் காலை துப்பாக்கியைப் பழையபடி அந்தக் காகிதத்தில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பாரதியார் சாலையில் இருக்கும் ஜெகபர் அலியின் ஹார்ட்வேர் கடைக்குப் போனார். ஜெகபர் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இரும்பு விஷயத்தில் ஆத்ரியேனுக்கு அவர் சொல்தான் கடைசி.

ஜெகபர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"யா அல்லா. இதைப் பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுலயாடா வந்தே?"

"ஸ்கூட்டர்ல."

"ஹெல்மெட் போட்டியா?"

"போட்டேன்."

"நல்லது. சட்டத்தை மதிக்கிறவன்டா நீ."

ஆத்ரியேன் பென்சில் பதிவைக் காட்டி வி, ஆர், சேவல் கால் எல்லாவற்றையும் விளக்கினார். ஜெகபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சரி, இத வச்சு என்ன பண்ணப் போறே?"

"பிரெஞ்சு ராணுவத்துல கொள்ளுத்தாத்தா இருந்தார்னு காட்டி, நாசியோனாலித்தே கேக்கப் போறேன்."

"துப்பாக்கியக் காட்டிக் கேட்டா அதுக்குப் பேரு மனு இல்லடா, மிரட்டல்."

ஆத்ரியேன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து ஜெகபருக்கே பாவமாகிவிட்டது. துரு எடுக்கும் எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்துப் பையில் வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கேளு. ரொம்பத் தேய்க்காதே. தேய்க்கத் தேய்க்க இரும்பு என்னா சொல்லும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஆத்ரியேன் அதைக் காதில் வாங்கவில்லை. கடையிலிருந்து நேரே முசியே மத்தியூ வீட்டுக்கு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; மத்தியூ பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். முன்னாள் சிப்பாய்கள் சங்கத்துக்குத் தலைவர். ஜூலை பதினாலு கொண்டாட்டத்தில் முதல் வரிசையில் யார் உட்கார்வது, மூன்றாம் வரிசையில் யார் நிற்பது என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். அந்த இருபது வருடமும் அவர் ராணுவச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தார் என்பதை ஊர் மரியாதை கருதி வெளியே சொல்வதில்லை.

மத்தியூ துப்பாக்கியை வாங்கி, உருளைக்கிழங்கைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பித் தம்ளரை வைக்க இடம் தேடி, விரித்திருந்த பென்சில் பதிவின் ஓரத்திலேயே வைத்தார்.

"வீவ் லா ரெபுப்ளிக். சந்தேகமே இல்ல தம்பி. எங்க ரெஜிமெண்ட்ல ஆபீசருங்க எல்லாம் இதைத்தான் வச்சிருந்தாங்க."

"நெசமாவா முசியே?"

"பின்னே? பதினாலாம் தேதி புதுச்சேரியிலேருந்து தூதரகத்துக்காரங்க வர்றாங்க. நீங்க முதல் வரிசையில உக்காருங்க. நான் ஒரு வார்த்தை சொல்றேன். உங்க மக விசாவுக்கும் சேத்தே சொல்றேன். நல்லாத் தொடச்சுப் பளபளன்னு கொண்டாங்க. இப்ப அதை நெஞ்சுகிட்டப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

முதல் வரிசை! ஆத்ரியேனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை உனக்கு விசா உறுதி" என்று வாக்குக் கொடுத்தார். ஜெனேவியேவ் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்து போனதை அவர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவரால் சும்மா இருக்க முடியுமா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய் டப்பாவைத் திறந்து தேய்க்க உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் துரு உதிர்ந்தது. 'வி, ஆர்' எழுத்துகளுக்கு மேலே புதிதாக ஏதோ புடைப்பாகத் தெரிந்தது. ஆத்ரியேன் அதே காகிதத்தில், பழைய பதிவுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் தேய்த்தார்.

கிரீடம் ஒன்று வந்தது.

அதற்குக் கீழே, ஆங்கிலத்தில் 'என்ஃபீல்டு' என்று வந்தது.

"என்னங்க, நம்ம தெருவுல டபடபன்னு ஓட்டிக்கிட்டுப் போவானே, அந்த வண்டியா?" என்றாள் மரியான்.

ஜெனேவியேவ் பென்சில் பதிவை போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு மெதுவாக, காய்ச்சல்காரரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அப்பா, வி, ஆர்னா விக்டோரியா ரெஜினா. ரெஜினான்னா ராணி, விக்டோரியா மகாராணி."

"யாரு?"

"இங்கிலாந்து ராணி. பிரெஞ்சுக்காரங்க அதுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே ராஜாவை வெட்டிட்டாங்க. குடியரசுக்கு ஏதுப்பா கிரீடம்? என்ஃபீல்டுங்கறது இங்கிலாந்துல துப்பாக்கி செஞ்ச ஊரு. இந்த மூணு கோடு சேவல் காலு இல்ல, அம்பு. அங்க அரசாங்கச் சொத்துக்கெல்லாம் போடற முத்திரையாம்."

ஆத்ரியேன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு வம்சத்தை நிரூபிக்கக் கிளம்பிய மனிதர், இங்கிலாந்துச் சொத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறார். அந்தப் போட்டோ முசியே மத்தியூவின் போனில் இருக்கிறது.

"முசியே கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மரியான்.

"சொல்லிட்டா முதல் வரிசை போயிடும். அவ விசா போயிடும்."

"ராணி துப்பாக்கிய வச்சுக்கிட்டு உக்காந்தா மட்டும் இருக்குமா?"

அந்த இடத்தில்தான் ஆத்ரியேனின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். போனை எடுத்து முசியே மத்தியூவைக் கூப்பிட்டு, தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி வேகமாகப் பேசினார்.

"முசியே, துடைச்சதுல ஒரு பெரிய உண்மை தெரிஞ்சுபோச்சு. இது இங்கிலீஷ்காரன் துப்பாக்கி. கொள்ளுத்தாத்தா அதை ஒரு இங்கிலீஷ் ஆபீசர்கிட்டேருந்து பறிச்சிருக்கார்."

ஆத்ரியேன் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"எங்க வச்சுப் பறிச்சாரு?" என்று மத்தியூ நாத்தழுதழுக்கக் கேட்டார்.

"வந்து... வாஞ்சூர்ல. எல்லையில."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"தம்பி," என்றார் மத்தியூ, "இதைப் போயி சாதாரண விஷயம் மாதிரி போன்ல சொல்றீங்களே! நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் மறுநாள் காலை, பதின்மூன்றாம் தேதி, பஸ் ஸ்டாண்டு எதிரில் தெரிந்தது. பத்தடிக்கு ஆறடி ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் பிரெஞ்சுக் கொடி. நடுவில் ஆத்ரியேன், நெஞ்சில் துப்பாக்கியோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே: 'வாஞ்சூர் எல்லையில் ஆங்கிலேயத் தளபதியிடம் தன்னந்தனியாகத் துப்பாக்கியைப் பறித்த பிரெஞ்சு மாவீரர் அந்துவான் அவர்களின் கொள்ளுப்பேரனே வருக!'

ஆபீசர் ஒரே இரவில் தளபதியாகியிருந்தார்.

ஜெகபர் அலி போன் செய்தார். "டேய், திருநள்ளாறு போற பஸ்ஸெல்லாம் உன்னைப் பாத்துட்டுத்தான்டா போவுது. சனி பகவானுக்கு முன்னாடி உன் தரிசனந்தான்."

"ஜெகபர், இதை எப்படியாவது கழட்டச் சொல்லுடா."

"ஏணி கொண்டாறேன். அதுக்குள்ள நீ வீட்டைப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிடு."

ஏணி வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. புதுச்சேரி மாநிலப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கான்ஸ்டபிள் வாசலில் நின்று, "எஸ்.ஐ. சார் கூப்பிடறாருங்க. ஃபிளெக்ஸ்ல இருக்கறதையும் கையோட எடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிடுகிறானே என்று ஆத்ரியேனுக்கு ஆத்திரமாக வந்தது. துப்பாக்கியைக் காகிதத்தில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சப் இன்ஸ்பெக்டர் மாறன் சின்ன வயசு. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதுதான் பயமாக இருந்தது.

"உக்காருங்க சார். ஃபிளெக்ஸ்ல உங்க முகம் நல்லா விழுந்திருக்கு."

"நன்றிங்க சார்."

"கையில இருக்கறதும் நல்லா விழுந்திருக்கு. லைசன்ஸ் இருக்குங்களா?"

"அது எங்க கொள்ளுத்தாத்தாவோடது சார்."

"அவரு பேருல லைசன்ஸ் இருக்குங்களா?"

"அவரு பறிச்சது சார். இங்கிலீஷ்காரன்கிட்டேருந்து."

மாறன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "பறிச்சதுன்னா வழிப்பறி. இந்த அம்புக்குறி அரசாங்கச் சொத்துக்குப் போடறதுன்னு எனக்கும் தெரியும். அப்போ, அரசாங்கச் சொத்தை வழிப்பறி பண்ணி, நூத்து நாப்பது வருஷமா லைசன்ஸ் இல்லாம ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"நான் பொறந்தே ஐம்பத்து நாலு வருஷந்தான் சார் ஆவுது!"

"பதட்டப்படாதீங்க. அது பழங்கதை, பேசித் தீத்துக்கலாம்." மாறன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஃபிளெக்ஸ்ல பிரெஞ்சுக் கொடி இருக்கு. பிரெஞ்சு வம்சம்னு இருக்கு. இதுக்கு மட்டும் நேரா ஒரு பதில் சொல்லுங்க. நீங்க பிரெஞ்சுக்காரரா?"

ஐம்பத்து நாலு வருடமாக யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. அதைக் கேட்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருந்தது. ஆத்ரியேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

பக்கத்து மேசையிலிருந்த ஸ்டேஷன் ரைட்டர் பலமாக இருமினார்.

"ஏன் கேக்கறேன்னா," என்று மாறன் தொடர்ந்தார், "வெளிநாட்டுக்காரர் கையில லைசன்ஸ் இல்லாத ஆயுதம்னா கேசு என் கையில இல்லைங்க. டெல்லி வரைக்கும் போவும். அதுவே, இந்தியக் குடிமகன், பரணைச் சுத்தம் பண்றப்ப கிடைச்சுது, தானா கொண்டாந்து ஒப்படைச்சுட்டாருன்னா, இங்கயே முடிச்சுடலாம்."

"இந்தியன் சார்!" என்றார் ஆத்ரியேன். "நூத்துக்கு நூறு இந்தியன்!"

"ஊரு பூரா வேற மாதிரி சொல்லி வச்சிருக்கீங்களே. எழுத்துல வேணும்."

ரைட்டர் எழுந்து வந்து, துப்பாக்கி சுற்றியிருந்த காகிதத்தை மேசையில் விரித்து நீவிவிட்டார். கிரீடம், வி, ஆர், என்ஃபீல்டு, அம்பு எல்லாம் பென்சிலில் பளிச்சென்று தெரிந்தன. முசியே மத்தியூவின் காப்பி வட்டமும் தெரிந்தது. ரைட்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சார், அடையாளம் அத்தனையும் இதுலயே பதிஞ்சிருக்கு. தனியா ஒருக்கா வரையணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இதுக்குக் கீழயே எழுதி வாங்கிட்டா நமக்கு வேலை மிச்சம். பேப்பரும் நல்ல கெட்டி."

ஆத்ரியேன் எழுதினார். கிளார்க் கையெழுத்து, குண்டுகுண்டாக, அழகாக விழுந்தது. துப்பாக்கி யாருடையது என்று தனக்குத் தெரியாது. அந்துவான் யாரிடமும் எதையும் பறித்ததாக எந்த ஆதாரமும் இல்லை. இதுவரை வேகமாக ஓடிய பேனா அடுத்த வரியில் தயங்கியது.

"எழுதுங்க சார்" என்றார் மாறன்.

'எங்கள் குடும்பத்தில் யாரும், எந்தக் காலத்திலும், பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டதில்லை. 1962-ஆம் ஆண்டு என் தாத்தா சவரிராயன் கையெழுத்துப் போடவில்லை. இது ஊரறிந்த உண்மை. எங்கள் வீட்டுக்கே கையெழுத்துப் போடாத வீடு என்றுதான் பெயர்.'

கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். ரைட்டர் வாங்கிப் படித்தார்.

"கடைசி வரி அருமை சார். இதுக்கு மேல சாட்சியே வேணாம்" என்று சொல்லி, ஸ்டேஷன் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆத்ரியேனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. எந்தப் பெயரைக் கேட்டால் இத்தனை காலம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்ததோ, அந்தப் பெயர்தான் இன்று அவரைக் காப்பாற்றியிருக்கிறது. எத்தனை திட்டியிருப்பார் அந்தக் கிழவரை! கல்லறைத் திருநாளுக்குக்கூடப் பாதி மனசோடுதான் பூ வைப்பார். தாத்தா, தூங்கினாலும் நல்ல சமயத்தில் தூங்கினீர்கள் என்று மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாறன் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இந்த ஒரிஜினல் ஃபைலுக்கு. எதிர்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து நீங்க வச்சுக்குங்க. ஒரிஜினலைக் கான்ஸ்டபிள்கிட்டக் குடுத்துட்டு நீங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம். ஃபிளெக்ஸைக் கழட்டியாச்சு."

"கழட்டுனது யாரு சார்?"

"ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருத்தரு. ஏணியோட வந்தாரு."

ஸ்டேஷன் படியிறங்கும்போது ஜெனேவியேவ் போனில் வந்தாள்.

"அப்பா, என்னாச்சு? விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கம்மா. எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே நம்ம வீட்ல பிரான்ஸ் பேச்சே கிடையாது." கொஞ்சம் நிறுத்தினார். "உன் விசாதான்மா..."

"பரவால்லப்பா" என்றாள் அவள்.

அதே 'பரவால்லப்பா'. ஆத்ரியேன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கான்ஸ்டபிள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டு வருடமாக எதிர்ப்பக்கம் நடந்து தவிர்த்த ஜெராக்ஸ் கடைப் படியில் ஏறுவதுதான் பாக்கி. அதையும் ஏறினார். ரிஃபானா அடையாளம் கண்டுகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்றாள். ஆத்ரியேன் தலையைக் குனிந்துகொண்டே காகிதத்தை நீட்டினார்.

"ஒரே ஒரு காப்பி போதும்மா. சீக்கிரம் போட்டுக் குடு, இவரு காத்துக்கிட்டிருக்காரு."

ரிஃபானா மூடியைத் தூக்கி, காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, ஒரு காப்பி எடுத்தாள். மறுபடி மூடியைத் தூக்கியவள், மேல்பக்கமாகக் கிடந்த எண்ணெய்க்கறைப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். துப்பட்டா நுனியால் ஒரு மூலையைத் துடைத்து, இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். கான்ஸ்டபிள் ஒரிஜினலுக்காகக் கையை நீட்டிவிட்டார்.

"போலீஸ் பக்கம் ஒண்ணு போட்டாச்சு அங்கிள்" என்றாள் ரிஃபானா. "பின்பக்கம் உங்க தாத்தா சவரிராயன், அறுபத்திரண்டுல பிரெஞ்சு நாசியோனாலித்தே வேணும்னு எழுதிக் கொடுத்து, தமிழ்லயே கையெழுத்தும் போட்டு, சீலும் வாங்கி வச்சிருக்காரே, அதுக்கு எல்லாரும் பத்து காப்பி எடுப்பாங்க, உங்களுக்கு எத்தனை போடட்டும்?"